இஸ்போர்ட்ஸ் ரசிகர்களுக்கான தளம்: சர்வேயில் கேட்டது ஒன்று, நேரில் பார்த்தது வேறு

நள்ளிரவுமேட்ச்

வணக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இஸ்போர்ட்ஸ் (கணினி விளையாட்டுப் போட்டிகள்) ரசிகர்களுக்காக ஒரு தளம் கட்டிக்கொண்டிருக்கிறோம். கவுன்டர்-ஸ்ட்ரைக், வேலரன்ட், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், டோட்டா 2 ஆகிய நான்கு விளையாட்டுகள். மேட்ச் அட்டவணை, முடிவுகள், அணிப் பக்கங்கள், பழைய மேட்ச்களின் வீடியோவுக்குப் போகும் வழி, இவ்வளவுதான் திட்டம்.

தொடங்கும்போதே ஒரு சர்வே விட்டோம். "இவற்றில் உங்களுக்கு என்னென்ன வேண்டும்?" என்று கேட்டு வரிசையாகப் பெட்டிகள் வைத்திருந்தோம். செய்தி, வீரர் புள்ளிவிவரம், கணிப்புப் போட்டி, அரட்டை அறை என எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டுப் போனார்கள். எங்களுக்கு ஒரே சந்தோஷம். அதை நம்பி முகப்புப் பக்கத்தை வரைந்தோம். மேலே பெரிய பட்டையில் கடைசியாக முடிந்த மேட்சின் முடிவு, கோப்பையோடு நிற்கும் அணியின் படம், கீழே மற்றவை.

போன வாரம் முதல் ஆளிடம் காட்டினோம். பக்கம் திறந்த அடுத்த நொடி அவர் உள்ளங்கையால் திரையை மறைத்துக்கொண்டார். "நேத்து ஃபைனலை நான் இன்னும் பாக்கலங்க" என்றார். அவ்வளவுதான், மேற்கொண்டு எதையும் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. நாங்கள் ஆசை ஆசையாக வரைந்த பட்டை அவருடைய ஒரு சாயங்காலத்தைக் கெடுத்துவிட்டது. அந்தக் கை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

இப்போது என் கேள்விகள். சர்வேயை விட்டுவிட்டு வேறு எப்படி ஆய்வு செய்வது? எத்தனை பேரிடம் பேசினால் போதும்? முடிவுகளை மறைத்து வைப்பதா, காட்டுவதா? எங்கள் குழுவிலேயே இதில் இரண்டு கட்சி.

குறிப்பேடு

பயனர் ஆய்வுதான் என் தொழில். விளையாட்டு ரசிகர்களிடம் நிறையவே பேசியிருக்கிறேன். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்வியை முதலில் ஓரம் கட்டுங்கள். இலவசமாகக் கிடைப்பதை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அந்தப் பதிலில் பொய் இல்லை, ஆனால் அதை வைத்துப் பக்கம் வரைய முடியாது.

நடந்து முடிந்த ஒரு நாளைப் பற்றிக் கேளுங்கள். "கடைசியாக நீங்கள் பார்த்த மேட்ச் எது? அது எப்போது தொடங்கும் என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? முதலில் எதைத் திறந்தீர்கள்? பாதியில் எழுந்து போனீர்களா? திரும்பி வந்ததும் எங்கே பார்த்தீர்கள்?" இப்படிக் கேட்டால் ஆசைகளுக்குப் பதிலாக நடந்தவை வரும். அப்புறம் "அதைத் திரையில் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். ஹிஸ்டரியைத் திறந்து அவரே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவார். இந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு எப்போதும் அதிகம் கிடைத்திருக்கிறது.

அதைவிட நல்ல வழி, மேட்ச் நடக்கும்போதே பக்கத்தில் இருப்பது. தொலைவில் இருந்தால் திரையைப் பகிரச் சொல்லுங்கள். ரவுண்டு நடக்கும்போது வாயைத் திறக்காதீர்கள். மூன்றில் இரண்டு வெல்ல வேண்டிய மேட்ச் என்றால் ஒரு மேப் (மேட்சுக்குள் ஒரு ஆட்டம்) முடிந்து அடுத்தது தொடங்கும் வரை இடைவெளி இருக்கும், கேள்வியெல்லாம் அப்போதுதான். மற்ற நேரத்தில் எந்த டேப் எப்போது மாறுகிறது, போன் எப்போது கைக்கு வருகிறது என்று நேரத்தோடு குறித்துக்கொண்டே இருங்கள்.

லோயர்பிராக்கெட்

அந்தக் கையை வைத்த ஆள் நானாகவும் இருந்திருக்கலாம். எனக்குப் பிடித்த அணியின் மேட்ச் பாதி நாட்கள் நான் தூங்கும் நேரத்தில்தான் நடக்கும். மறுநாள் வேலை முடித்து வந்துதான் பார்ப்பேன். அதுவரை ஒரு பகல் முழுக்க முடிவு கண்ணில் படாமல் தப்பிக்க வேண்டும். தளம் கட்டுகிறவர்களுக்கு இதில் எத்தனை ஓட்டைகள் இருக்கின்றன என்று தெரிவதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஸ்கோரை மறைத்தால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஐந்தில் மூன்று வெல்ல வேண்டிய ஃபைனல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் "கேம் 1, கேம் 2, கேம் 3" என்று மூன்று வீடியோ மட்டும் இருந்தால் மேட்ச் 3-0 என்று முடிந்துவிட்டது எனக்குத் தெரிந்துவிடும். ஐந்து இருந்தால் கடைசி கேம் வரை போயிருக்கிறது. அப்புறம் முதல் இரண்டையும் ஒரே அணி வென்றால் மூன்றாவதை யார் வெல்வார்கள் என்று யோசிக்கவே தேவையில்லை. ஆக, நடந்ததோ நடக்கவில்லையோ, ஐந்து வரிசையும் எப்போதும் இருக்க வேண்டும். நடக்காத கேமைத் திறந்தால் "இந்த கேம் நடக்கவில்லை" என்று உள்ளே சொல்லுங்கள்.

வீடியோவின் மொத்த நீளமும் அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும் பட்டையில் இன்னும் எட்டு நிமிடம்தான் பாக்கி என்று தெரிந்தால், பின்தங்கிய அணி இனி எழாது என்று புரிந்துவிடும். முகப்புப் படத்தில் கோப்பையைத் தூக்கும் வீரர், தலைப்பில் "நம்ப முடியாத மீட்சி" என்ற வார்த்தை, பிரவுசர் டேப்பில் அணிப் பெயருக்குப் பக்கத்தில் ஸ்கோர், நண்பர் அனுப்பிய லிங்க்கின் முன்னோட்டப் படம், எல்லாமே காட்டிக்கொடுக்கும். முடிவு தெரிந்த பிறகும் மேட்சைப் பார்க்கலாமே என்பார்கள். பார்க்கலாம்தான், ஆனால் அந்தக் கடைசி ரவுண்டில் நெஞ்சு அடித்துக்கொள்வது திரும்ப வராது. நான் இந்த விளையாட்டைப் பார்ப்பதே அதற்காகத்தான்.

ஸ்கோர்போர்டு

லோயர்பிராக்கெட் சொல்வது புரிகிறது, ஆனால் என் வாழ்க்கை வேறு மாதிரி. எனக்கு ஷிப்ட் வேலை, வீட்டில் கைக்குழந்தை. மேட்ச் பார்த்துப் பல மாதம் ஆகிறது. என் ரசிப்பு என்பது வேலைக்கு நடுவே போனை எடுத்து என் அணி வென்றதா என்று இரண்டு நொடியில் தெரிந்துகொள்வதுதான். நீங்கள் எல்லா ஸ்கோரையும் மூடி வைத்தால் ஒவ்வொன்றையும் நான் தட்டித் தட்டித் திறக்க வேண்டும். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மேட்ச் நடக்கும் தொடக்கச் சுற்றில் இது பெரிய தண்டனை. நானும் ரசிகன்தான் என்பதை ஆய்வில் மறந்துவிடாதீர்கள்.

நள்ளிரவுமேட்ச்

மூவருக்கும் நன்றி. குறிப்பேடு சொன்னபடி நான்கு பேர் மேட்ச் பார்க்கும்போது கூடவே இருந்தோம். இரண்டு பேரிடம் நேரில், இரண்டு பேரிடம் திரைப் பகிர்வில்.

எங்களை உலுக்கியது இதுதான். "ஸ்பாய்லர் (பார்க்கும் முன்பே முடிவு தெரிந்துவிடுவது) பிடிக்காதவர்", "ஸ்கோர் மட்டும் பார்ப்பவர்" என்று இரண்டு வகை ரசிகர்களை மனதில் வைத்துக்கொண்டுதான் போனோம். ஆனால் ஒரே ஆள் ஒரே சாயங்காலத்தில் இரண்டாகவும் இருந்தார். தன் அணியின் மேட்சை அடுத்த நாள் பார்க்கப் போவதால் அதன் பக்கமே போகவில்லை. அதே குழுவில் இருக்கும் மற்ற இரண்டு அணிகளின் முடிவை உடனே தேடிப் போனார், தன் அணி அடுத்து யாரோடு மோதும் என்று கணக்குப் போட. இன்னொருவர் டோட்டாவை ஒரு நிமிடம் விடாமல் பார்ப்பார், கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் வெறும் ஸ்கோர் போதும் என்றார்.

இன்னொன்று. "ஸ்கோர்" என்ற வார்த்தையையே நாங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. 2-1 என்பது எத்தனை மேப் வென்றார்கள் என்பது. 13-11 என்பது ஒரு மேப்புக்குள் எத்தனை ரவுண்டு என்பது. நாங்கள் இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் அடுத்தடுத்துப் போட்டிருந்தோம். ஒருவர் பல வருடம் விட்டுவிட்டு கவுன்டர்-ஸ்ட்ரைக் பார்க்கத் திரும்பியவர். 13-ல் மேப் ஏன் முடிந்தது, 16 அல்லவா என்று கேட்டார். 2023-ல் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 வந்தபோது அது 13 ஆகிவிட்டது என்பதை நாங்கள்தான் சொன்னோம்.

குறிப்பேடு

நீங்கள் பார்த்தது பெரிய விஷயம், அதை விட்டுவிடாதீர்கள். வடிவமைப்பில் பெர்சோனா (ஒரு மாதிரிப் பயனரைக் கற்பனையாக வரைந்து வைப்பது) என்ற கருவியை 1990களில் பரவலாக்கியவர் மென்பொருள் வடிவமைப்பாளர் ஆலன் கூப்பர். நல்ல கருவிதான். ஆனால் "ரவி வயது 22, ஸ்பாய்லர் பிடிக்காது" என்று ஒரு அட்டை எழுதிச் சுவரில் ஒட்டினால், அந்த ரவி மற்ற அணியின் முடிவைத் தேடும் நேரம் அட்டையில் வராது. நீங்கள் ஆளை வைத்துப் பிரிக்காமல் நிலைமையை வைத்துப் பிரியுங்கள். மேட்சுக்கு முன், மேட்ச் ஓடும்போது, தவறவிட்ட பின், பார்க்கவே போவதில்லை. ஒரே ஆள் இந்த நான்குக்குள்ளும் போய் வருவார்.

இதைப் பிடிக்க டைரி ஆய்வுதான் சரி. இரண்டு வாரம். ஒவ்வொரு மேட்சுக்குப் பிறகும் இரண்டே வரி எழுதச் சொல்லுங்கள், அல்லது குரல் பதிவு. எந்த மேட்ச், பார்த்தேனா இல்லையா, முடிவு எப்படித் தெரிந்தது. நடுவில் ஒரு பெரிய போட்டி வருமாறு தேதியைத் தேர்ந்தெடுங்கள். சீசன் இல்லாத வாரத்தில் செய்தால் ஒன்றும் தேறாது.

எத்தனை பேர் என்று கேட்டிருந்தீர்கள். ஐந்து பேர் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த எண் ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-ல் போட்ட கணக்கிலிருந்து வருகிறது. ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிக்கொண்டு வந்தால், ஐந்து பேர் ஏறக்குறைய 85 சதவீதத்தைக் காட்டிவிடுவார்கள் என்பது கணக்கு. கவனியுங்கள், அது வரைந்த பக்கத்தில் இருக்கும் குறைகளைப் பற்றியது. "ரசிகர்களில் எத்தனை பேருக்கு ஸ்பாய்லர் பிடிக்காது" என்பதற்கு ஐந்து பேரை வைத்துப் பதில் சொல்ல முடியாது. அதோடு அந்த ஐந்து பேர் ஒரே மாதிரியான பயனர்களாக இருக்க வேண்டும். டோட்டா ரசிகரும் வேலரன்ட் ரசிகரும் ஒரே பக்கத்தை ஒரே மாதிரி படிப்பதில்லை, அவர்களைத் தனித்தனியாக எண்ணுங்கள்.

தாமதம்30

நான் பின்னணியில் நிரல் எழுதுகிறவன். லைவ் ஸ்கோர் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. பல போட்டிகளில் ஸ்ட்ரீமை (இணைய நேரலையை) வேண்டுமென்றே தாமதப்படுத்துவார்கள், ஒளிபரப்பிலிருந்து எதிரணியின் இடம் ஆடுகிறவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக. அதற்கு மேல் இணையம் சேர்க்கும் சில நொடிகள். உங்களுக்கு வரும் ஸ்கோர் அதை விடச் சீக்கிரம் வந்தால், ஸ்ட்ரீமைப் பார்த்துக்கொண்டே உங்கள் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவருக்கு அடுத்த ரவுண்டின் முடிவு முன்பே தெரிந்துவிடும். முழுதாக விழித்திருந்து லைவாகப் பார்க்கிறவருக்கும் ஸ்பாய்லர்! "என் ஸ்ட்ரீமோடு சேர்த்துக் காட்டு" என்று ஒரு சிறிய நகர்த்தி வையுங்கள், அவரே நொடிகளைத் தள்ளி வைத்துக்கொள்ளட்டும். நோட்டிஃபிகேஷனுக்கும் அதே தாமதம் பொருந்த வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் யூடிசி (உலகப் பொது) நேரத்தில் சேமித்து, பார்க்கிறவரின் நேரத்தில் காட்டுங்கள். அமெரிக்காவில் கோடைக்கால நேரம் மார்ச் இரண்டாவது ஞாயிறன்று தொடங்குகிறது, ஐரோப்பாவில் அதே மாதக் கடைசி ஞாயிறன்று. நடுவில் இருக்கும் அந்த இரண்டு மூன்று வாரம் பல ரசிகர்கள் ஒரு மணி நேரம் முன்னே பின்னே வந்து நிற்பார்கள். இன்னொன்று, நாளின் இரண்டாவது மேட்ச் எப்போது தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டோட்டாவில் ஒரு கேம் அரை மணியிலும் முடியும், ஒரு மணி நேரத்தையும் தாண்டும். அதனால் "8.00" என்று எழுதாதீர்கள். "8.00-க்கு முன் தொடங்காது" என்று எழுதுங்கள்.

நிறம்மாறி

சிவப்பும் பச்சையும் எனக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அணிப் பக்கங்களில் கடைசி ஐந்து மேட்சைப் புள்ளிகளாகப் போடுவார்கள், பச்சை என்றால் வெற்றி, சிவப்பு என்றால் தோல்வி. எனக்கு அது ஐந்து பழுப்புப் புள்ளி. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் பன்னிரண்டில் ஒருவருக்கு இந்தப் பார்வை உண்டு என்பார்கள், மற்ற இடங்களிலும் இருக்கிறோம். நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லக் கூடாது என்பது டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் விதிகளின் முதல் நிலையிலேயே இருக்கிறது. புள்ளிக்குள் "வெ", "தோ" என்று எழுத்துப் போட்டாலே போதும்.

ஆய்வுக்கு ஆள் சேர்க்கும்போது ஸ்கிரீன் ரீடர் (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) பயன்படுத்தும் ஒருவரையாவது சேருங்கள். கமென்டரி கேட்டே மேட்சை ரசிப்பவர்கள் இருக்கிறார்கள். லைவ் ஸ்கோரில் ஒவ்வொரு கில்லும் வாசிக்கப்பட்டால் கமென்டரி காதில் விழாது. ரவுண்டு முடிவு மட்டும், அதுவும் பேச்சை வெட்டாமல், வந்தால் போதும்.

முதல்சீசன்

நான் பார்க்கத் தொடங்கியே ஒரு வருடம்தான் ஆகிறது. என் மகள் பார்ப்பாள், பக்கத்தில் உட்கார்ந்து பழகியது. எனக்குக் கஷ்டமாக இருந்தது ஒன்றே ஒன்று: இந்த மேட்சில் தோற்றால் என்ன ஆகும் என்று எங்கேயும் எழுதியிருக்காது.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டியில் 2023 முதல் ஸ்விஸ் முறை இருக்கிறது. 16 அணிகள், மூன்று வென்றால் அடுத்த சுற்று, மூன்று தோற்றால் வெளியே. இதை மகள் சொன்ன பிறகுதான் "2-2" என்ற அணிக்கு ஏன் எல்லோரும் நகம் கடிக்கிறார்கள் என்று புரிந்தது. ஒவ்வொரு மேட்சின் கீழும் "வென்றால் காலிறுதி, தோற்றால் வீட்டுக்கு" என்று ஒரு வரி போடுங்கள். பழைய ரசிகர்களுக்கு அது இடைஞ்சலாகவும் இருக்காது.

தேடலும் அப்படித்தான். டி1 அணி எத்தனை முறை உலகக் கோப்பை வென்றது என்று தேடினேன். 2013, 2015, 2016 மூன்றும் எஸ்கே டெலிகாம் டி1 என்ற பழைய பெயரில் இருந்தன, 2023, 2024, 2025 மூன்றும் புதிய பெயரில். இரண்டும் ஒரே அணிதான் என்று தெரியாமல் நான் அரை மணி நேரம் குழம்பினேன்.

மட்டறுத்தல்

யாரிடம் பேசுகிறீர்கள் என்பதிலும் கவனம் தேவை. டிஸ்கார்டில் (விளையாட்டு ரசிகர்கள் கூடும் அரட்டைச் செயலி) ஒரு அழைப்பு போட்டால் ஐந்து நிமிடத்தில் ஆட்கள் வந்துவிடுவார்கள், ஆனால் வருபவர்கள் எல்லோரும் நாள் முழுக்க அங்கேயே இருப்பவர்கள். ஸ்கோர்போர்டும் முதல்சீசனும் அங்கே கிடைக்க மாட்டார்கள். அவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், "உங்கள் வீட்டில் எப்போதாவது மட்டும் பார்ப்பவர் யாராவது இருக்கிறார்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு.

வயதைக் கட்டாயம் கேளுங்கள். இந்த விளையாட்டுகளின் ரசிகர்களில் சிறுவர்கள் ஏராளம். பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு சிறுவனின் திரையைப் பதிவு செய்யாதீர்கள். சட்டமும் இடத்துக்கு இடம் மாறும். சிறுவர்களின் இணையத் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் காப்பா சட்டம் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பற்றியது. ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 16 என்கிறது, உறுப்பு நாடுகள் அதை 13 வரை குறைத்துக்கொள்ளலாம். பந்தய விளம்பரத்தைப் பற்றியும் இப்போதே முடிவெடுத்துவிடுங்கள். சிறுவர்கள் வரும் பக்கத்தில் பந்தய விகிதங்களை ஓடவிடுவது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நள்ளிரவுமேட்ச்

டைரி ஆய்வு முடிந்தது. ஏழு பேர், இரண்டு வாரம், நடுவில் ஒரு பெரிய போட்டியின் கடைசிச் சுற்றுகள். எல்லாவற்றையும் இங்கே கொட்ட முடியாது, எங்கள் பக்கத்தை மாற்றியவற்றை மட்டும் சொல்கிறேன்.

அரட்டை அறையைத் தூக்கிவிட்டோம். சர்வேயில் அத்தனை பேர் டிக் போட்ட வசதி அது. டைரியில் ஒருவர்கூட அப்படி ஒன்றைத் தேடியதாக எழுதவில்லை. எல்லோருக்கும் ஏற்கெனவே நாலைந்து நண்பர்களோடு ஒரு குழு இருக்கிறது, மேட்ச் பேச்செல்லாம் அங்கேதான். அவர்கள் கேட்டது அந்தக் குழுவுக்குள் ஸ்பாய்லர் இல்லாமல் ஒரு லிங்க் அனுப்பும் வழி. இப்போது எங்கள் லிங்க்கின் முன்னோட்டத்தில் இரண்டு அணிகளின் பெயரும் தேதியும் மட்டுமே வரும்.

முகப்பில் முடிவுப் பட்டை போய்விட்டது. அந்த இடத்தில் அடுத்த மேட்ச், அதற்குக் கீழே "நீங்கள் இன்னும் பார்க்காதவை". மறைப்பது இப்போது அணியைப் பொறுத்தது. ஒரு அணியைத் தொடரும்போதே "இவர்கள் மேட்சின் முடிவை மூடி வைக்கட்டுமா?" என்று ஒரு முறை கேட்போம். மற்ற மேட்ச்களின் ஸ்கோர் திறந்தே இருக்கும்.

இதைப் புரோட்டோடைப்பாக (சோதனை மாதிரியாக) ஐந்து பேரிடம் காட்டினோம். முதலில் பொத்தானில் "ஸ்பாய்லர் மறை" என்று இருந்தது. மூன்று பேர் அதை அமுக்கத் தயங்கினார்கள். அமுக்கினால் மறையுமா, ஏற்கெனவே மறைந்திருக்கிறது என்று அர்த்தமா என்று தெரியவில்லை. "முடிவு மூடியிருக்கிறது. திறக்க" என்று மாற்றியதும் யாரும் தயங்கவில்லை. வெற்றி தோல்விப் புள்ளிகளில் எழுத்து வந்துவிட்டது, "வென்றால், தோற்றால்" வரியும் வந்துவிட்டது. பழைய பெயரில் தேடினாலும் அணி கிடைக்கும்.

சோதனை லிங்க்கை இங்கே எழுதியவர்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

ஸ்கோர்போர்டு

பார்த்தேன். என் அணியைத் தொடரும்போது வேண்டாம் என்று ஒரு முறை சொன்னேன், அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. இன்று காலை பேருந்தில் ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு ஒரே பார்வையில் மூன்று மேட்சின் முடிவும் தெரிந்துகொண்டேன். நான் கேட்டது இதைத்தான், நன்றி.

லோயர்பிராக்கெட்

ஐந்து வரிசையும் இருப்பதைப் பார்த்து உண்மையிலேயே நெகிழ்ந்துவிட்டேன். வீடியோ நீளமும் மூடியிருக்கிறது.

ஒரு ஓட்டை கண்டுபிடித்தேன். நேற்றைய அரையிறுதியை மூடி வைத்திருந்தேன். முகப்பில் "அடுத்த மேட்ச்: ஃபைனல்" என்று இரண்டு அணிப் பெயரும் போட்டிருந்தது. அதில் என் அணி இல்லை.

நள்ளிரவுமேட்ச்

ஐயோ, மன்னித்துவிடுங்கள். அடைப்பு மரத்தை (யார் யாரோடு மோதி முன்னேறுகிறார்கள் என்று காட்டும் படத்தை) மூடினோம், அட்டவணையை மறந்துவிட்டோம். மூடிய மேட்சிலிருந்து கிளைக்கும் எல்லா மேட்சிலும் பெயருக்குப் பதில் "அரையிறுதி 1-ல் வென்றவர்" என்று வர வேண்டும். நோட்டிஃபிகேஷனிலும் அதே ஓட்டை இருக்கும் என்று இப்போதுதான் உறைக்கிறது. இன்று இரவே சரி செய்கிறேன். அந்த அரையிறுதியைப் பார்த்தீர்களா, அப்படியே விட்டுவிட்டீர்களா?

லோயர்பிராக்கெட்

பார்த்தேன். ஐந்தாவது கேம் வரை போனது. சரி செய்ததும் சொல்லுங்கள், அடுத்த வாரம் இன்னொரு அணியை மூடி வைத்துச் சோதித்துப் பார்க்கிறேன்.